எல்லைக்கல் நகர்ந்த கதை

பேத்துப்பாறைக்குப் போயிருக்கிறீர்களா?

கொடைக்கானல் என்றதும் ஏரி, படகு, தூண் பாறை, வீட்டில் செய்த சாக்லேட் என்று ஒரு வட்டம் அடித்துவிட்டு பஸ் ஏறிவிடுகிற ஜாதிதானே நாம். போயிருக்க மாட்டீர்கள். வில்பட்டி பக்கம், அஞ்சுவீடு அருவியை ஒட்டிய மலைக் கிராமம் அது. காபி, வாழை, பீன்ஸ், பட்டர் ஃப்ரூட் என்று தோட்டங்கள். ராத்திரியானால் யானை பயம்.

என் நண்பர் ஒருவர் சென்னை வேலையை உதறிவிட்டு அங்கே போய் உட்கார்ந்துவிட்டார். சும்மா உட்காரவில்லை. அக்கம்பக்கத்துச் சின்னத் தோட்டக்காரர்கள் இருபத்து மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, எல்லார் விளைச்சலையும் ஒன்றாக லாரியில் ஏற்றி விற்று, பணத்தைப் பிரித்துக் கொடுக்கிறார். கணக்கு முழுக்க எக்ஸெல்.

"ரெண்டு நாள் வந்து நிம்மதியா இருந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டார். நம்பிப் போனேன். போய் இறங்கிய அரை மணியில் காபியும் வந்தது, கூடவே லேப்டாப்பும் வந்தது.

திரையில், பணம் இருக்க வேண்டிய கட்டங்களில் எல்லாம் வரிசையாக '#ரெஃப்!', '#ரெஃப்!', '#ரெஃப்!'. மறுநாள் பட்டுவாடா. கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த பையன் திருப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். போன் எடுக்கவில்லை.

நாங்கள் திரையை முறைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒரு பாட்டி வந்து நின்றார். கையில் நாற்பது பக்க நோட்டு. "போன தடவ பணம் கொறயுதே தம்பி" என்றார்.

"கம்ப்யூட்டர் கணக்கு பாட்டி, தப்பாது" என்று சொல்லி அனுப்பிவைத்தார் நண்பர்.

பாட்டியை இங்கேயே நிறுத்திவைப்போம். திரும்பி வரத்தான் போகிறோம். அதற்கு முன்னால் ஐந்நூறு வருஷம் பின்னால் போய்விட்டு வரவேண்டும்.

* * *

'#ரெஃப்!' என்பது என்ன? 'நீ சுட்டிக்காட்டிய இடத்தில் யாருமில்லை' என்று அர்த்தம். ஒரு கட்டம் இன்னொரு கட்டத்தைக் கைநீட்டி, 'அங்கே இருக்கிற எண்ணைக் கொண்டுவா' என்கிறது. அந்தக் கட்டத்தையே யாரோ அழித்துவிட்டார்கள். நீட்டிய கை நீட்டியபடி நிற்கிறது. அதுதான் சங்கதி.

இப்படிக் கைநீட்டுகிற பழக்கம் கம்ப்யூட்டர் கண்டுபிடித்ததல்ல. பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப் எடுத்தவர்கள் கொஞ்சம் நினைவைக் கிளறிப் பாருங்கள். குறிப்பேட்டில் தேதி, விவரம், பற்று, வரவு இவற்றுக்கு நடுவே ஒல்லியாக ஒரு காலம் இருக்கும். 'பேரேட்டுப் பக்க எண்'. பரீட்சையில் எல்லாரும் காலியாக விட்டுவிட்டு வருகிற காலம்! 'இந்த வரவு பேரேட்டில் எத்தனையாவது பக்கத்தில் ஏறியிருக்கிறது' என்று கைகாட்டுவதற்காக வைத்தது அது.

அச்சடித்த புத்தகமாக இதைச் சொல்லிக் கொடுத்தவர் லூக்கா பாசியோலி என்ற இத்தாலியத் துறவி. 1494ல் வெனிஸ் நகரத்தில் அவருடைய கணிதப் புத்தகம் வெளியானது. அதில் ஒரு பகுதி முழுக்க வியாபாரிகளின் கணக்கு எழுதும் முறை. முறையைக் கண்டுபிடித்தவர் அவரில்லை. வெனிஸ் வியாபாரிகள் ஏற்கனவே செய்துகொண்டிருந்ததை உட்கார்ந்து எழுதிவைத்தார். (இதே மனிதர்தான் லியனார்டோ டாவின்சிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் என்பது உபரித் தகவல்.)

பாசியோலி ரொம்ப சந்தேகப் பிராணி. குறிப்பேட்டிலிருந்து ஒரு வரவைப் பேரேட்டுக்கு மாற்றினால், குறிப்பேட்டின் ஓரத்தில் பற்றுப் பக்கம் எது, வரவுப் பக்கம் எது என்று இரண்டு எண்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதச் சொல்கிறார். புத்தகம் தீர்ந்து புதுசு தொடங்கினால் குழப்பம் வரக்கூடாதென்று, முதல் வரிசைப் புத்தகங்களுக்குச் சிலுவைக் குறி, அடுத்ததற்கு 'ஏ', அதற்கடுத்ததற்கு 'பி' என்று அடையாளம் போடச் சொல்கிறார்.

அத்தோடு விடவில்லை. வருஷக் கடைசியில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டுமாம். ஒருவர் கையில் குறிப்பேடு, இன்னொருவர் கையில் பேரேடு. ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் அந்தப் பக்கத்தைத் திறந்து, 'இருக்கிறது' என்று உறுதி செய்து ஒரு புள்ளி வைக்க வேண்டும். கடைசியில் புள்ளியில்லாமல் ஏதாவது நின்றால் அங்கேதான் கோளாறு.

இந்தப் புள்ளி வைக்கிற காட்சியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

இத்தாலி வரை போவானேன், நம்மூர் தாலுகா ஆபீசுக்கு வாருங்கள்.

கிராம நிர்வாக அதிகாரியிடம் இரண்டு பதிவேடுகள் உண்டு. 'அ' பதிவேடு என்பது சர்வே எண் வரிசைப்படி இருக்கும். 'இந்த எண்ணுள்ள நிலம் எவ்வளவு, என்ன வகை, எந்தப் பட்டாவில் இருக்கிறது' என்று சொல்லும். சிட்டா என்பது பட்டா எண் வரிசைப்படி. 'இந்தப் பட்டாதாரரிடம் எந்தெந்த சர்வே எண்கள் இருக்கின்றன' என்று சொல்லும். அதாவது, ஒன்று நிலத்தைப் பிடித்து ஆளைக் காட்டுகிறது. இன்னொன்று ஆளைப் பிடித்து நிலத்தைக் காட்டுகிறது. எக்ஸெல் பாஷையில் சொன்னால் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஷீட்டுகள்.

சரி, இதில் எங்கே முறியும்?

அப்பா பெயரில் சர்வே எண் 45/2. அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் அது 45/2ஏ, 45/2பி என்று இரண்டாகிவிடும். அப்பா காலத்துப் பத்திரமோ இன்னமும் 45/2 என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும். தாத்தா காலத்துப் பத்திரம் என்றால் இன்னும் விசேஷம். சர்வே எண்ணே இருக்காது, பழைய 'பைமாஷ்' எண் இருக்கும். எந்த பைமாஷ் எண் எந்த சர்வே எண்ணாக மாறியது என்பதைத் தேடிப் பிடிக்கத் தனியாக ஒரு ஒப்புமைப் பதிவேடு வேண்டும்.

1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுக்க நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் வேலை ஒன்று நடந்தது. 'யு.டி.ஆர்.' என்றால் சொத்து வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும், வயிற்றெரிச்சலோடு. நோக்கம் நல்ல நோக்கம்தான். ஏக்கர், சென்ட் எல்லாம் ஹெக்டேர், ஏர்ஸ் ஆக மாறின. புதுப் பட்டா எண்கள் கொடுத்தார்கள். லட்சக்கணக்கான வரிகளைக் கையால் பார்த்துக் கையால் எழுதினார்கள். அப்போது ஒரு வரி கீழே இறங்கிவிட்டால்? பக்கத்து நிலத்துக்காரர் பெயர் உங்கள் நிலத்துக்கு நேரே வந்து உட்கார்ந்துவிடும்! 'யு.டி.ஆரில் தவறு நேர்ந்துவிட்டது, திருத்தித் தரவும்' என்ற மனுக்கள் தாலுகா ஆபீஸ்களில் இன்றைக்கும் குவிந்துகொண்டிருக்கின்றன. பேரன் பேத்திகள் அலைகிறார்கள்.

இந்தத் தவறின் குணத்தைக் கவனியுங்கள். பதிவேட்டில் அந்த இடம் காலியாக இருந்திருந்தால், அன்றைக்கே யாராவது, 'என்னய்யா இது?' என்று கேட்டிருப்பார்கள். அங்கே ஒரு பெயர் இருந்தது. ஒழுங்கான, முழுமையான, தப்பான பெயர். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முப்பது வருஷம் கழித்து நிலத்தை விற்கப் போகும்போதுதான் தலையில் இடி விழுகிறது.

ஆனால் அந்தக் காலத்துப் பத்திர எழுத்தர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. சர்வே எண்ணை மட்டும் எழுதி நிறுத்த மாட்டார்கள். 'இதற்குச் செக்குபந்தி' என்று ஆரம்பித்து, 'இன்னார் நிலத்துக்குத் தெற்கு, இன்னார் கிணற்றுக்கு மேற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு, ஓடைக்குக் கிழக்கு' என்று நான்கு பக்கத்தையும் கட்டிவைத்துவிடுவார்கள். எண் தப்பாகப் போனாலும் ஓடை ஓடிக்கொண்டுதானே இருக்கும்? பத்திரத்தில் உள்ள அளவும் எல்லையும் முட்டிக்கொண்டால், கோர்ட்டிலும் பொதுவாக நான்கெல்லைக்குத்தான் மதிப்பு.

ஒரு இடத்தைச் சுட்டுவதற்கு இரண்டு வழி உண்டு. 'மூணாவது வீடு' என்று சொல்லலாம். 'வேப்பமரத்து வீடு' என்றும் சொல்லலாம். நடுவில் யாராவது புதுசாக ஒரு வீடு கட்டிவிட்டால் மூன்றாவது வீடு வேறு வீடாகிவிடும். வேப்பமரத்து வீடு அப்படியே இருக்கும். (மரத்தை வெட்டாதவரைக்கும். அது வேறு கதை.)

இதே கொடைக்கானலில், மேலே உச்சியில் இருக்கிற சூரிய ஆய்வுக்கூடத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. 1904ஆம் வருஷத்திலிருந்து நூறு வருஷத்துக்கும் மேலாக, வானம் திறந்த நாளிலெல்லாம் சூரியனைப் படமெடுத்துவைத்திருக்கிறார்கள். முதலில் கண்ணாடித் தகடுகள், பிறகு ஃபிலிம். சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று ஜான் எவர்ஷெட் 1909ல் கண்டுபிடித்தது இங்கேதான். அந்தப் பழைய படங்களையெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு தகட்டில் தெரிகிற சூரியனுக்கும் அடுத்த தகட்டில் தெரிகிற சூரியனுக்கும் முகத்தைப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியுமா? தேதி, நேரம், எந்தப் பக்கம் வடக்கு - இந்த மூன்றும் சரியாக இருந்தால்தான் அது தகவல். இல்லாவிட்டால் வெறும் வட்டம்.

* * *

இப்போது கம்ப்யூட்டர் கட்டத்துக்கு வருவோம்.

1978. அமெரிக்காவில் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல். டான் பிரிக்லின் என்ற மாணவர் வகுப்பில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறார். வியாபாரக் கணக்கைக் கட்டம் கட்டமாகப் போடும்போது ஓரிடத்தில் ஒரு எண் மாறினால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கிற அத்தனையையும் அழித்து அழித்து எழுத வேண்டும். கரும்பலகையாக இருந்தாலும் சரி, காகிதமாக இருந்தாலும் சரி. இந்தக் கட்டங்கள் தாங்களாகவே மாறிக்கொண்டால் எப்படி இருக்கும்?

நண்பர் பாப் ஃபிராங்ஸ்டன் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து புரோகிராம் எழுதினார். 1979ல் ஆப்பிள்-2 கம்ப்யூட்டருக்காக 'விசிகால்க்' வெளிவந்தது. மேலே ஏ, பி, சி. பக்கவாட்டில் 1, 2, 3. ஏ1 என்றால் முதல் கட்டம். இன்றைக்கும் நாம் பார்க்கிற அதே கட்டம்தான். விசிகால்க்குக்காகவே ஆப்பிள் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஏராளம். ஆனால் இரண்டு பேரும் இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கவில்லை. அந்தக் காலத்தில் சாஃப்ட்வேருக்கு அப்படி வாங்குவது வழக்கமும் இல்லை. 1983ல் லோட்டஸ் 1-2-3 வந்து சந்தையை அள்ளிக்கொண்டது. 1985ல் மைக்ரோசாஃப்டின் எக்ஸெல் முதலில் மெக்கின்டாஷுக்கு வந்து, 1987ல் விண்டோஸுக்குள் நுழைந்தது. அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

விசிகால்க்கிலேயே ஒரு அழகான கேள்வி இருந்தது. ஒரு ஃபார்முலாவை நகலெடுத்து வேறு கட்டங்களில் ஒட்டப் போனால், அது ஒவ்வொரு சுட்டலுக்கும் நிறுத்தி நிதானமாகக் கேட்கும்: 'இது இடத்துக்குத் தகுந்தாற்போல் மாறவேண்டுமா, இல்லை மாறாமல் அப்படியே இருக்கட்டுமா?' இன்றைக்கு எக்ஸெல் கேட்பதில்லை. டாலர் குறி போட்டிருந்தால் நகராது, போடாவிட்டால் நகரும். போடுவதும் போடாததும் உங்கள் தலையெழுத்து.

மற்றபடி எக்ஸெல் ரொம்ப விசுவாசமான வேலைக்காரன். நீங்கள் நடுவில் ஒரு வரிசையைப் புகுத்தினால், கீழே இறங்கிப்போன கட்டங்களை நோக்கி எல்லா விரல்களையும் தானே திருப்பிவிடும். அழித்துவிட்டால் மட்டும் பாவம், எங்கே திருப்புவது என்று தெரியாமல் '#ரெஃப்!' என்று கத்தும்.

கத்துகிற வரைக்கும் பரவாயில்லை. கத்தாமல் போனால் என்ன ஆகும்?

2010ல் கார்மென் ரைன்ஹார்ட் என்ற பேராசிரியரும் கென்னத் ரோகாஃப் என்ற ஹார்வர்டு பேராசிரியரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ரோகாஃப் சாதாரண ஆள் இல்லை. சர்வதேச நிதியத்தின் தலைமைப் பொருளாதார நிபுணராக இருந்தவர், போதாக்குறைக்கு செஸ் கிராண்ட்மாஸ்டர். ஒரு நாட்டின் கடன் அதன் மொத்த உற்பத்தியில் 90 சதவிகிதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்றது கட்டுரை. சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவிகிதம். உலகமே பொருளாதாரச் சரிவில் துவண்டுகிடந்த நேரம் அது. 'பாருங்கள், ஹார்வர்டே சொல்லிவிட்டது, செலவை வெட்டுங்கள்' என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அரசியல்வாதிகள் இந்தக் கட்டுரையைக் கையில் தூக்கிக்கொண்டு பேசினார்கள். வெட்டுவது என்றால் பென்ஷனை, ஆஸ்பத்திரியை, சம்பளத்தை.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ன்டன் என்று ஒரு ஆராய்ச்சி மாணவர். வயது 28. வகுப்பில் கொடுத்த வீட்டுப்பாடம்: பிரபலமான ஒரு கட்டுரையை எடுத்து அதே கணக்கை நீயே போட்டுப் பார். அவர் இதை எடுத்தார். போட்டார். வரவில்லை. மறுபடி போட்டார். வரவில்லை. 'நான்தான் எங்கேயோ தப்புப் பண்ணுகிறேன்' என்று நினைத்து, கடைசியில் பேராசிரியர்களுக்கே எழுதிக் கேட்டார். அவர்களும் பெருந்தன்மையாகத் தங்கள் எக்ஸெல் ஃபைலை அனுப்பிவைத்தார்கள்.

திறந்து பார்த்தால், சராசரி எடுக்கிற ஃபார்முலா எல்30 முதல் எல்44 வரை என்று நிற்கிறது. நாடுகளோ 49ஆவது வரிசை வரை இருக்கின்றன! ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் - ஐந்து நாடுகள் கணக்குக்குள் வரவே இல்லை. விரல் ஐந்து வரிசைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. ஏனென்றால் எக்ஸெல்லைப் பொறுத்தவரை அது பிழையே இல்லை. 'பதினைந்து கட்டத்துக்குச் சராசரி கேட்டாய், கொடுத்தேன்!'

2013 ஏப்ரலில் ஹெர்ன்டனும் அவருடைய பேராசிரியர்கள் இருவரும் இதை வெளியிட்டார்கள். அவர்கள் போட்ட திருத்தக் கணக்கில் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 இல்லை, பிளஸ் 2.2 சதவிகிதம்.

நியாயமாகப் பேசவேண்டும். அந்த வித்தியாசம் முழுவதும் எக்ஸெல் பிழையால் வந்ததல்ல. விடுபட்ட ஐந்து வரிசைகளின் பங்கு 0.3 அளவுதான். சில வருஷங்களின் புள்ளிவிவரத்தைச் சேர்க்காமல் விட்டது, எல்லா நாட்டுக்கும் ஒரே எடை கொடுத்தது என்பதெல்லாம்தான் பெரிய காரணம். அதைப் பற்றிப் பொருளாதார நிபுணர்கள் வாதம் செய்தார்கள். எக்ஸெல் தப்பைப் பற்றி மட்டும் வாதமே இல்லை. பேராசிரியர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

2020ல் இங்கிலாந்தில் நடந்தது இன்னும் மோசம். கொரோனா பரவிக்கொண்டிருந்த நேரம். பரிசோதனைக்கூடங்கள் அனுப்பிய முடிவுகளைப் பொதுச் சுகாதாரத் துறை எக்ஸெல்லின் பழைய ரக ஃபைலில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த ரகத்தில் 65,536 வரிசைக்கு மேல் இடமே கிடையாது. மிச்சம் சத்தமில்லாமல் கீழே கொட்டிப்போயிற்று. செப்டம்பர் 25க்கும் அக்டோபர் 2க்கும் நடுவே 15,841 நோயாளிகள் கணக்கில் விட்டுப்போனார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்பிடித்து எச்சரிக்கிற வேலை நாள்கணக்கில் தாமதமானது. அத்தனை பேரும் அந்த நாள்களில் எங்கெங்கே போய்வந்தார்களோ!

* * *

பேத்துப்பாறைக்குத் திரும்புவோம். காபி ஆறிப்போயிருந்தது.

முதலில் கத்துகிறவனைக் கவனித்தோம். முந்நூறு இடத்தில் '#ரெஃப்!' தெரிந்தாலும் முந்நூறு இடத்திலும் முறிவு இல்லை. ஒன்று முறிந்தால் அதை நம்பியிருந்தவை எல்லாம் சேர்ந்து கத்தும், கல்யாண வீட்டில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்த மாதிரி. முதலில் அழுத குழந்தையைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்ட்ரோல்-எஃப் அழுத்தி '#ரெஃப்!' என்று தேடும்போது, 'மதிப்பில் தேடு' என்று சொல்லாமல் 'ஃபார்முலாவில் தேடு' என்று சொல்லவேண்டும். சும்மா கூட அழுகிற கட்டங்களின் ஃபார்முலா பழுதில்லாமல் இருக்கும், அவை சிக்காது. நிஜமாக முறிந்தவை மட்டும் சிக்கும்.

நான்கே நான்கு சிக்கின. நான்கும் 'ஏப்ரல்' என்ற ஷீட்டைத் தேடிக்கொண்டிருந்தன.

"ஏப்ரலா? அது முடிஞ்சுபோச்சேன்னு நான்தான் டெலீட் பண்ணேன்" என்றார் நண்பர், அப்பாவியாக.

ஷீட்டை அழித்தால் கண்ட்ரோல்-இசட் காப்பாற்றாது. நல்லவேளை, திருப்பூர் பையன் கிளம்புமுன் பென் டிரைவில் ஒரு பிரதி வைத்துவிட்டுப் போயிருந்தான். புண்ணியவான். பழைய ஏப்ரலைக் கொண்டுவந்து வைத்து, நான்கு ஃபார்முலாவையும் கையால் திருத்தியதும் முந்நூறு அழுகையும் நின்றன. நண்பர் எழுந்து நின்று கைகுலுக்கினார். "முடிஞ்சுது!"

எனக்கு வாசலில் நின்ற பாட்டி ஞாபகம் வந்தார். அவர் குறைகிறது என்று சொன்னது 'போன தடவை' பணம். அப்போது '#ரெஃப்!' எதுவும் இல்லையே?

மறுபடி உட்கார்ந்தோம். ஃபைலைத் திறக்கும்போதெல்லாம், 'வெளியே உள்ள ஃபைல்களோடு தொடர்பு இருக்கிறது, புதுப்பிக்கட்டுமா?' என்று ஒரு கேள்வி வரும். நண்பர் ஒரு வருஷமாக 'வேண்டாம்' என்று அழுத்திக்கொண்டிருந்தார். அந்தத் தொடர்பு திருப்பூருக்குப் போய்விட்ட கம்ப்யூட்டரைச் சுட்டிக்கொண்டிருந்தது. அதில் கிடந்தது லாரி வாடகை. கடைசியாகப் பார்த்த எண்ணையே எக்ஸெல் பத்திரமாகப் பிடித்துவைத்திருந்தது. நல்லவேளை, வாடகை மாறவில்லை. இந்த இடத்தில் 'தொடர்பைத் துண்டி' என்று ஒரு பட்டன் ஆசை காட்டும். அழுத்தினால் ஃபார்முலா போய் வெறும் எண் நின்றுவிடும். எங்கிருந்து வந்தது என்பதற்குச் சாட்சியே இருக்காது. பிரதி எடுத்துவைக்காமல் அதைத் தொடாதீர்கள்.

சில கட்டங்களில் 'இஃப்எரர்' போட்டு, பிழை வந்தால் பூஜ்யம் காட்டு என்று எழுதியிருந்தான் பையன். பார்க்க லட்சணமாக இருக்கும். ஓட்டைமேல் காலண்டர் மாட்டுகிற வேலை. எல்லாவற்றையும் எடுத்தோம். இரண்டு இடத்தில் ஆள் பெயருக்குப் பின்னால் தெரியாமல் தட்டிய ஒரு காலி இடம், அவ்வளவுதான். எக்ஸெல்லுக்கு அது வேறு ஆள். அந்தப் பெயர்களில் பணம் எதுவும் நிற்கவில்லை, பிழைத்தோம். ஆனால் பாட்டியின் பெயர் சரியாகத்தான் இருந்தது.

ராத்திரி பத்து மணி. கீழே தோட்டத்துப் பக்கம் யாரோ பட்டாசு வெடித்தார்கள். யானையாக இருக்கும்.

மறுநாள் காலையில் பாட்டியைக் கூப்பிட்டனுப்பினோம். நோட்டோடு வந்தார். பேரன் கையெழுத்து. தேதி, எத்தனை கிலோ, என்ன தரம். ஓரத்தில், 'ரெண்டாம் தரம் 43' என்று விலை. "போர்டுல எழுதிப்போட்டிருந்தீங்கல்ல, அதப் பார்த்துத்தான் எழுதச் சொன்னேன்" என்றார்.

பாசியோலி சொன்னபடியே உட்கார்ந்தோம். நண்பர் நோட்டை உரக்க வாசித்தார். நான் திரையில் பார்த்துக் காகிதத்தில் புள்ளி வைத்தேன். கிலோ எல்லாம் சரி. புள்ளி, புள்ளி, புள்ளி. ரூபாய்க்கு வந்தோம். பட்டர் ஃப்ரூட், இரண்டாம் தரம், 410 கிலோ. பாட்டியின் கணக்கில் 17,630. எங்கள் கணக்கில் 14,350.

கிலோவுக்கு 35 ரூபாய் போட்டிருக்கிறது கம்ப்யூட்டர்.

விலை ஷீட்டைத் திறந்தேன். முதல் காலத்தில் பொருள், இரண்டாவதில் முதல் தரம், மூன்றாவதில்... 'போன வருட இரண்டாம் தரம்'. நான்காவதில்தான் இந்த வருஷத்து இரண்டாம் தரம். ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கட்டுமே என்று யாரோ நடுவில் ஒரு காலத்தைப் புகுத்தியிருக்கிறார்கள். பணத்தைக் கணக்கிடுகிற 'வி-லுக்அப்' ஃபார்முலா, 'இந்தப் பொருளைத் தேடி, அதற்கு நேரே மூன்றாவது காலத்தில் இருப்பதைக் கொண்டுவா' என்கிறது. அட்டவணை விரிந்ததை எக்ஸெல் கவனித்துக்கொள்ளும். ஆனால் 'மூன்று' என்பது ஃபார்முலாவுக்குள் கையால் எழுதிய வெறும் எண். அது தானாக நான்காக மாறாது.

மூணாவது வீடு! நடுவில் புதுசாக ஒரு வீடு கட்டிவிட்டார்கள்.

காலத்தை எண்ணிச் சொல்கிற அந்த மூன்றை எடுத்துவிட்டு, 'இரண்டாம் தரம்' என்ற தலைப்பைத் தேடிப் பிடித்து எடுக்கும்படி ஃபார்முலாவை மாற்றினோம். அப்புறம் எஞ்சிய இருபத்திரண்டு பேருக்கும் வரிசையாகப் புள்ளி வைத்தோம். பாட்டியைத் தவிர இன்னும் எட்டுப் பேருக்குக் குறைந்திருந்தது. அவர்களில் யாரும் வந்து கேட்கவில்லை. கம்ப்யூட்டர் கணக்காயிற்றே!

மத்தியானம் நண்பர் 3,280 ரூபாயை எண்ணிப் பாட்டி கையில் கொடுத்தார். பாட்டி தானும் ஒரு தரம் எண்ணினார். நோட்டைப் பேரனிடம் நீட்டி, "தேதியப் போட்டு எழுதுடா" என்றார். எழுதியாயிற்று.

எழுந்திருக்கவில்லை.

"இத்தன மாசத்துக்கு வட்டி?" என்றார்.

நண்பர் என்னைப் பார்த்தார். அந்த ஷீட்டில் அதற்குக் காலமே இல்லை.